ஜீனோவும் ஆர்ச்சியும் எங்கள் ஊர் மலையும்

"படக்கதைப் புத்தகமா? படிப்பைக் கெடுத்துவிடும்!" என்பது பெரியவர்கள் பலரும் யோசிக்காமல் வழங்கும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். எழுதச் சொன்னவர் எங்கள் சிஸ்டர் ஒருவர்தாம் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். இல்லையேல் ஆண்டு மலரில் இதற்கு எப்படி இடம் கிடைத்தது என்று பெற்றோர்கள் வியப்படையக்கூடும்.

நடந்தது இதுதான். எங்களுள் ஒருத்தியின் மாமா, தம் பிள்ளைப் பருவத்தில் வாங்கிச் சேர்த்த சிவகாசிப் படக்கதைகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். இராமபாணப் பூச்சி அரித்தது போக எஞ்சியவை எங்கள் கைக்கு வந்தன. மாலைப் படிப்பு நேரத்தில் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்து ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டரிடம் அகப்பட்டுக்கொண்டோம். மறுநாள் காலை எங்களை அழைத்தார்கள். நடுங்கிக்கொண்டு போய் நின்றோம். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "இதை நான் இரவில் முழுக்கப் படித்தேன். இந்த இயந்திர மனிதனுக்கு ஓடுவதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஓரிடத்திலும் எழுதவில்லையே?" என்று கேட்டார்கள். எங்களுக்கு விடை தெரியவில்லை. அன்று முதல் எந்தக் கதையைப் படித்தாலும் அந்தக் கேள்வி எங்கள் கூடவே வருகிறது.

அந்த இயந்திர மனிதனின் பெயர் ஆர்ச்சி. அவன் பிறந்த ஊர் இங்கிலாந்து. 1952-இல் தொடங்கிய 'லயன்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே அவன் தோன்றினான். தமிழுக்கு அவனைக் கொண்டுவந்தது, வியக்கத்தக்க வகையில், அதே பெயர் கொண்ட நம் சிவகாசி லயன் காமிக்ஸ். இது 1984-இல் தொடங்கப்பட்டது. அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1972-இல், அதே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியிருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர்பெற்ற ஊர், தமிழ்ப் பிள்ளைகளின் கற்பனைக்கும் மருந்து திணித்துக் கொடுத்தது என்று கூறினால் மிகையாகாது.

முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. எங்கள் மாமாக்கள் வயதில் உள்ளவர்களிடம் இப்பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்! ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரிய நடமாடுவான். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ தீட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் மனத்தை அள்ளுகின்றன. இருட்டில் ஒரு கை மட்டும் கதவைத் திறக்கும் காட்சியைப் பார்த்தபின் எங்களுள் ஒருத்தி இரண்டு நாள் தனியே புறக்கடைக்குப் போகவில்லை. ஆயினும் இது மாயக்கதையே ஒழிய விஞ்ஞானமன்று. மின்சாரம் உடலில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். கீழ்வகுப்புத் தங்கைகள் தயவுசெய்து இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

விஞ்ஞானக் கதைக்கும் விண்வெளி மாயக்கதைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சிறிது விளக்க வேண்டும். விஞ்ஞானக் கதை, "இப்படி ஒன்று இருந்தால் என்ன நேரும்?" என்று கேட்டுவிட்டு, இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்க முயலும். விண்வெளி மாயக்கதையோ பழைய இராசகுமாரன் கதைதான். குதிரைக்குப் பதில் ராக்கெட், வாளுக்குப் பதில் ஒளி வாள், மந்திரவாதிக்குப் பதில் வேறு கிரகத்துக் கொடுங்கோலன். 1934-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய பிளாஷ் கார்டன் இவ்வகைக்குத் தாத்தா எனலாம். அந்தக் கதையைப் படமாக எடுக்க விரும்பி, உரிமை கிடைக்காமல் போகவே, ஜார்ஜ் லூகாஸ் என்ற இளைஞர் சொந்தமாக ஒரு கதையை உருவாக்கினார். அதுவே 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. பின்னர் அது திரைப்படம், நாவல், படக்கதை, தொலைக்காட்சித் தொடர் என ஆலமரம் போல் விழுது விட்டுப் பரவிவிட்டது. எந்த விழுது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்று வாதாடுவதற்கே உலகெங்கும் இரசிகர்கள் இருக்கிறார்கள்.

அக்கதையில் விண்கலங்கள் 'விர்'ரென்று இரைந்துகொண்டு பறக்கின்றன. வெடித்தால் 'டமார்' என்று கேட்கிறது. விண்வெளியில் காற்று இல்லை. ஒலி பரவ வழியும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே இது இருக்கிறது. ஆனாலும் ஓசையில்லாமல் பார்த்தால் கதை சப்பென்று போய்விடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒருத்தி தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தாள்; ஐந்து நிமிடத்தில் அவளே திறந்துவிட்டாள்.

இனி எங்கள் மனங்கவர்ந்த கதைக்கு வருவோம். அது வெளிநாட்டிலிருந்து வந்ததன்று. எழுதியவர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்பது அவர் இயற்பெயர். 1935-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அவர் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா', நூலாகவும் வந்தது. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. ஆக, ஒரே கதை வார இதழ், புத்தகம், தொலைக்காட்சி என மூன்று பிறவி எடுத்ததற்கு நம் தமிழிலேயே சான்று இருக்கிறது.

கதை 2020-களில் நடப்பதாக எழுதப்பட்டது. அதாவது, அவருக்கு அது தொலைதூர எதிர்காலம். நமக்கோ வந்து கடந்துகொண்டிருக்கும் காலம்! அந்த நாட்டை ஜீவா என்னும் தலைவர் ஆளுகிறார். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லார் பெயரும் இரண்டே எழுத்து. பெயருக்குக்கூட அளவு வைத்துவிட்ட உலகம் என்பதை நினைக்கும்போதே மூச்சு முட்டுகிறது. (எங்கள் வகுப்பில் வேளாங்கண்ணி அந்தோணியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் அந்நாட்டில் பிறந்திருந்தால் 'வேளா' என்று நின்றிருப்பாள்.) நிலாவின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவளுடைய வீட்டுக்கு ரவி என்பவனும், அவனுடன் ஜீனோ என்னும் நாய்க்குட்டியும் வந்து சேர்கிறார்கள். ஜீனோ உயிருள்ள நாயன்று, இயந்திர நாய்.

ஜீனோவுக்கும் ஆர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையே எங்கள் கட்டுரையின் உயிர்நாடி. ஆர்ச்சி முதலில் பேசத் தெரியாதவனாக இருந்தான். பிற்காலத்துக் கதைகளில் அவனுக்குக் குரல் வந்தது. குரல் வந்ததும் அவன் செய்த முதல் காரியம் தற்பெருமை பேசியதுதான்! சுவரை உடைப்பான், மரத்தைப் பிடுங்குவான், "என்னைப் போல் உண்டா?" என்பான். சிரிப்பு மூட்டும், மனத்துக்கும் பிடிக்கும். ஆனால் ஐந்தாவது கதையில் அவன் என்ன செய்வான் என்பது முதல் கதையிலேயே தெரிந்துவிடும். ஜீனோவோ சின்ன உருவம். அதற்குச் சுவரை உடைக்க முடியாது. புத்தகம் படிக்கிறது. படித்ததை வைத்துக் கேள்வி கேட்கிறது, குறும்பு பேசுகிறது, யோசித்து ஆபத்திலிருந்து தப்பிக்கிறது. யாரோ கட்டளையிட்டதைச் செய்யவே படைக்கப்பட்ட ஒரு பொருள், படிக்கப் படிக்கத் தனக்கென ஒரு மனம் உள்ளதாக மாறுவதைப் பார்க்கையில், "இது நம் கதையல்லவா?" என்று தோன்றாத மாணவி இருக்க முடியாது.

கதையை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்வது நல்லது. முக்கியமான முடிச்சை அவிழ்க்கப் போகிறோம்.

நாடே வணங்கும் தலைவர் ஜீவா உண்மையில் ஒரு மனிதரே அல்லர்! அவர் ஹோலோகிராம் என்னும் ஒளியுருவம். சாதாரணப் புகைப்படம் ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியின் அளவை மட்டுமே பதிவு செய்யும். ஹோலோகிராமோ ஒளி அலைகள் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யும். ஆகவே பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் பொருளின் பக்கமும் தெரியும். இதனை 1947-இல் கண்டறிந்த டென்னிஸ் காபோர் 1971-இல் நோபல் பரிசு பெற்றார். வங்கி அட்டைகளில் மினுங்கும் சிறு படம் இதன் எளிய வடிவமே. 'ஸ்டார் வார்ஸ்' கதையிலும் இதே பொருள் வருகிறது: இளவரசி லேயாவின் ஒளியுருவம் ஓர் இயந்திரத்திலிருந்து எழுந்து உதவி கேட்கிறது. ஒரே கருவி, அங்கே ஓர் உண்மையான பெண்ணின் வேண்டுகோளைச் சுமந்து செல்கிறது, இங்கே ஒரு பொய்யைக் கோடிப் பேருக்குக் கடவுளாகக் காட்டுகிறது. இவ்விரண்டில் சுஜாதாவின் கற்பனையே ஆழமானது என்பது எங்கள் முடிவு. சொல்லாதவர் சொன்னதாகக் குரலும், செய்யாதவர் செய்ததாகப் படமும் கணினியில் தயாரித்து அனுப்பும் இந்நாளில், அக்கதை முன்பைவிடக் கூர்மையாகக் குத்துகிறது. சென்ற வாரம் ஒரு தோழியின் ஆச்சி, கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். "ஆச்சி, இது மெய்யில்லை" என்று சொன்னபோது, "நீ என்னத்தக் கண்ட?" என்று வந்தது பதில்.

குறையும் இல்லாமலில்லை. முதல் கதையில் துணிந்து இயங்கும் நிலா, இரண்டாம் கதையில் அரசியாக அமர்ந்திருந்தும் பிறர் ஆட்டுவிக்கும் பாவையாக இருக்கிறாள். அவளுக்காக நாய் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இது வருத்தமே. மொத்தமாகவே இக்கதைகளில் பெண்களின் பாடு பரிதாபம்தான். பிளாஷ் கார்டனின் தோழி டேல் பெரும்பாலும் கடத்தப்படுவாள், மீட்கப்படுவாள். ஆர்ச்சியின் கதைகளில் பெண்களைத் தேட வேண்டியிருக்கிறது. லேயா பரவாயில்லை, மீட்க வந்தவர்கள் வழி தெரியாமல் விழித்தபோது, துப்பாக்கியைப் பிடுங்கி வழி உண்டாக்குகிறாள். லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி' என்று ஒரு வீரப் பெண்ணின் பெயரோடுதான் வந்தது. ஆனால் அவள் விண்வெளிக்குப் போகிறவள் அல்லள்.

"கதையில் பெண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். எங்கள் பெற்றோர் சிறுவர்களாயிருந்த 1980-களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொடரைக் காட்டியது. நம் தென்கோடிக் கரையோரம் அந்நாளில் உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்களே மிகுதி என்று அப்பாமார் கூறுகிறார்கள். காற்றடித்தால் ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடிக் கம்பத்தைத் திருப்ப வேண்டுமாம். அது நிற்க. அந்த 'ஸ்டார் டிரெக்' தொடரில் உஹூரா என்ற கறுப்பினப் பெண் விண்கலத்தின் அதிகாரியாக வருவாள். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். 1970-களின் பிற்பகுதியில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்கும் முயற்சியில் நாசா அவர் உதவியை நாடியது. 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சிறு வயதில் தமக்கு ஊக்கம் தந்தது உஹூராவே என்று கூறியிருக்கிறார். ஓர் எழுத்தாளர் காகிதத்தில் எழுதிய ஒரு பாத்திரம், உண்மையான ஒரு பெண்ணை உண்மையான ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியது.

இவ்வளவும் அமெரிக்காவில் அல்லவா என்பீர்கள். எங்கள் பள்ளி மாடியில் ஏறி மேற்கே பாருங்கள். காற்றாலைகளுக்கு அப்பால் மலைத்தொடர் தெரிகிறதே, அங்கேதான் மகேந்திரகிரி இருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அம்மலையடியில் அமைந்துள்ளது. திரவ எரிபொருளால் இயங்கும் விகாஸ் எஞ்சினும், கிரையோஜெனிக் எஞ்சினும் அங்கே சோதிக்கப்படுகின்றன. படக்கதையில் நாயகன் ஒரு கைப்பிடியை இழுத்ததும் ராக்கெட் கிளம்பிவிடும். மகேந்திரகிரியில் எந்த ராக்கெட்டும் பறப்பதில்லை. எஞ்சினை மேடையில் அசையாமல் பிணைத்துவிட்டு, எரியவிட்டு, அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எத்தனை விநாடி என்று அளக்கிறார்கள். கிரையோஜெனிக் எஞ்சினுக்கு வேண்டிய திரவ ஹைட்ரஜனைப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸிலும், திரவ ஆக்சிஜனைப் பூச்சியத்துக்குக் கீழே 183 பாகையிலும் வைத்திருக்க வேண்டும். அருகிலேயே ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் நெருப்பு எரிய வேண்டும்! நாயகன் இழுக்கும் அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள உழைப்பை எந்த ஓவியரும் வரைந்ததாக நாங்கள் காணவில்லை. "சக்தி எங்கிருந்து வருகிறது?" என்று சிஸ்டர் கேட்டதற்கு உரிய விடை பேருந்தில் போய்வரும் தூரத்திலேயே இருந்திருக்கிறது.

கிழக்கே கடற்கரையோரமாகப் போனால் குலசேகரன்பட்டினம். அங்கே சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையின்மேல் பறக்காமல் வளைந்து செல்ல வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்தான். மேற்குக் கரையில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவின் கதை நம் சபையார் பலரும் அறிந்தது. 1960-களின் தொடக்கத்தில், ராக்கெட் ஏவ ஏற்ற இடம் தேடி டாக்டர் விக்கிரம் சாராபாய் வந்தபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவும் மீனவ மக்களும் தங்கள் புனித மரிய மதலேனாள் ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த இடத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று பறந்தது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். மாயக்கதை எழுதுவோர்கூட இப்படி ஒரு தொடக்கத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

செங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் படித்து, நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் பயின்ற நிகார் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அக்கலம், 2024 சனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தைச் சென்றடைந்தது. பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை ஒளியின் வேகத்தில் சென்றாலும் அதனை அடைய ஐந்து விநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னோர் ஐந்து விநாடி. படக்கதையில் வேறு நட்சத்திரத்தில் இருப்பவனோடு பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் பேசுகிறார்களே, அது எப்படி என்று எங்களைக் கேட்காதீர்கள்.

எங்கள் தோழி ஒருத்தியின் தகப்பனார் பனைத் தொழில் செய்பவர். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை வீட்டில் நிறுத்திவிட எண்ணியிருந்தார். செய்தித்தாளில் வந்த நிகார் ஷாஜியின் படத்தைக் கத்தரித்து, சுவரில் திரு இருதயப் படத்துக்குக் கீழே அவள் ஒட்டி வைத்தாள். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து, "இந்தம்மா என்ன குரூப் எடுத்துப் படிச்சுதாம்?" என்று மட்டும் கேட்டார். அவள் இப்போது எங்களோடு கணிதப் பிரிவில் படிக்கிறாள். ஜீனோ கதையை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள், "நிலாவை ஏன் இரண்டாம் கதையில் பொம்மை ஆக்கிவிட்டார்?" என்று முதலில் கோபித்துக்கொண்டவள் அவளே. மூன்றாவது கதை ஒன்று தானே எழுதப் போவதாகச் சொல்லி, நோட்டில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் நிலா மகேந்திரகிரிக்கு வருகிறாள். ஜீனோவுக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருகிறாள். தின்ன முடியாதென்று அது விளக்குகிறது. நாங்கள் பன்னிரண்டாவது பக்கத்துக்காகக் காத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். பள்ளி நூலகத்தில் 'மீண்டும் ஜீனோ' ஒரே ஒரு பிரதிதான் உள்ளது. ஆடி மாதத்தில் எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பவில்லை. யாராயினும் எங்களிடம் கொடுத்தால் போதும். பெயரைச் சிஸ்டரிடம் சொல்ல மாட்டோம்.